பறக்கத் தடை: நான்கு மாதம் தாமதமாக வந்த உத்தரவு

சிரித்த முகத்தோடு ஒரு குட்டி விமானம், கார்ட்டூன் படம். 1990-களின் நடுவில் அட்லாண்டா விமான நிலையத்துக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த முகம் அத்துப்படி. நிறுவனத்தின் பெயர் வேல்யூஜெட். அதன் விமானிகள் ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையோடு பேசும்போதுகூட, அந்தக் குட்டி விமானத்தின் செல்லப்பெயரான ‘கிரிட்டர்’ என்பதைச் சொல்லித்தான் தங்களை அறிவித்துக்கொள்வார்கள். காகித டிக்கெட் கிடையாது. சாப்பாடு கிடையாது. ஆனால் கட்டணம் 39 டாலரில் தொடங்கும்.

1993 அக்டோபரில் இரண்டே விமானங்களோடு தொடங்கிய கம்பெனி, மூன்று வருடம் முடிவதற்குள் ஐம்பதைத் தாண்டியது. 1995-ல் மட்டும் லாபம் 6.7 கோடி டாலருக்கு மேல். பங்குச் சந்தைக்குச் செல்லப்பிள்ளை. 1996 ஜூன் 17 அன்று அத்தனை விமானங்களும் தரையில் நின்றன. பராமரிப்பில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சொல்லி, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. மொத்தச் சேவையையும் நிறுத்தவைத்தது.

ஏன் இவ்வளவு நாள் விட்டுவைத்தீர்கள் என்று பலரும் கேட்டார்கள். கேட்க நியாயம் இருந்தது. ஐந்து வாரங்களுக்கு முன்புதான் 110 பேர் செத்திருந்தார்கள். அதற்கும் ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே, இந்த நிறுவனத்தின் லைசென்ஸை அடியிலிருந்து மறுபரிசீலனை செய்யுங்கள் என்று எஃப்.ஏ.ஏ.வின் சொந்த ஆட்களே எழுதிவைத்திருந்தார்கள்.

மலிவு எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் கதை இருக்கிறது. வேல்யூஜெட் வாங்கியதெல்லாம் பெரும்பாலும் பழைய டிசி-9 விமானங்கள். டெல்டா ஏர்லைன்ஸ் கழித்துக்கட்டியவை, துருக்கி ஏர்லைன்ஸ் விற்றவை. சராசரி வயது இருபத்தைந்துக்கு மேல். பழைய விமானம் என்பதாலேயே ஆபத்து என்று சொல்ல முடியாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாற்பது வயது விமானமும் பறக்கும். ஆனால் அந்த ‘ஒழுங்காக’ என்பதற்கு ஆள் வேண்டும், ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டும், பணம் வேண்டும். வேல்யூஜெட்டிடம் சொந்தமாகப் பெரிய பராமரிப்புப் பட்டறை கிடையாது. பெரிய வேலைகள் எல்லாம் ஒப்பந்த அடிப்படையில் வெளியே போயின. ஒரு ஊரில் ஒரு நிறுவனம், இன்னொரு ஊரில் இன்னொன்று. ஒப்பந்தக்காரர்களும் தங்கள் பங்குக்கு வெளியிலிருந்து தற்காலிக மெக்கானிக்குகளை அமர்த்திக்கொண்டார்கள். விமானிகளுக்கோ, பயிற்சிச் செலவைத் தாங்களே கட்ட வேண்டிய நிலை. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பழைய விமானங்களை ஓட்டிய இதே நிறுவனம்தான் 1995 அக்டோபரில் எம்டி-95 என்ற புத்தம்புது ரகத்துக்கு முதல் வாடிக்கையாளராக ஐம்பது ஆர்டர் கொடுத்தது.

அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1995 ஜூன் 8, அட்லாண்டா. மயாமிக்குப் புறப்பட ஓடுபாதையில் வேகமெடுத்த ஒரு டிசி-9-ன் வலது எஞ்சின் வெடித்தது. சிதறிய உலோகத் துண்டுகள் கேபினைத் துளைத்தன, தீப்பிடித்தது, பணிப்பெண் ஒருவர் படுகாயமடைந்தார். யாரும் சாகவில்லை, விமானம் எரிந்து வீணானது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது, கம்ப்ரஸர் வட்டத்தட்டின் ஒரு துளையோரத்தில் துருவும் விரிசலும் இருந்தது தெரிந்தது. துருக்கியில் ஓவர்ஹால் செய்தபோதே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். அந்தப் பட்டறைக்கு அப்போது எஃப்.ஏ.ஏ. சான்றிதழும் இல்லை.

அதே ஆண்டு, ராணுவத்தினரை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்துக்கு வேல்யூஜெட் விண்ணப்பித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஆட்களை அனுப்பிச் சோதித்துவிட்டு, பாதுகாப்பு போதாது என்று மறுத்துவிட்டது. ராணுவத்தினருக்கு ஆகாத விமானத்தில் பொதுமக்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

1996 ஜனவரி 7, நாஷ்வில். மூக்குச் சக்கரத் தூணைச் சரியாகப் பராமரிக்காததால், வானத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் தான் தரையில் நிற்பதாக நினைத்துக்கொண்டது. அந்தக் கோளாறைச் சமாளிக்க விமானிகள் சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்துவிட்டார்கள். இறங்கும் நேரத்தில் அவற்றை மறுபடி பொருத்தியதும், தரையில் மட்டுமே விரிய வேண்டிய ஸ்பாய்லர் தகடுகள் காற்றிலேயே விரிந்தன. விமானம் பொத்தென்று விழுந்து, மூக்குச் சக்கரங்களை இழந்து, மறுபடி எழும்பி, ஒருவழியாக இறங்கியது.

பிப்ரவரி 14 அன்று எஃப்.ஏ.ஏ. தலைமையகத்தின் பராமரிப்புப் பிரிவில் ஒரு குறிப்பு தயாரானது. வேல்யூஜெட்டின் விபத்துகளையும் விதிமீறல்களையும் வரிசைப்படுத்திவிட்டு, உடனடி மறுசான்றளிப்பைப் பரிசீலிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசாங்க நடையில் எழுதியிருந்தாலும் அதன் பொருள் ஒன்றே: நிறுத்துங்கள், புது நிறுவனத்தைச் சோதிப்பதுபோல் முதலிலிருந்து சோதியுங்கள். குறிப்பு கோப்பிலேயே கிடந்தது. அதற்குப் பதிலாக, பிப்ரவரி 22 அன்று 120 நாள் சிறப்பு ஆய்வு என்று ஒன்று தொடங்கியது. புது விமானமோ புது ஊரோ சேர்க்குமுன் அனுமதி கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. ஏற்கெனவே பறப்பவை பறக்கலாம்.

மூடி எங்கே?

ஆய்வின் 120 நாள் முடியவில்லை. அதற்குள் மயாமியில், சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் ஹேங்கரில் ஒரு சின்ன வேலை நடந்துகொண்டிருந்தது. வேல்யூஜெட் புதிதாக வாங்கியிருந்த எம்டி-80 ரக விமானங்களில், காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்களைக் கழற்றி மாற்றும் வேலை.

விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் தலைக்கு மேலிருந்து முகமூடி விழும் என்று பணிப்பெண்கள் செய்துகாட்டுவார்களே, அந்த முகமூடிக்குப் பின்னால் இருப்பது இதுதான். உள்ளங்கையில் அடங்கிவிடாத, ஆனால் கையில் தூக்கிவிடக்கூடிய ஓர் உலோக உருளை. உள்ளே சோடியம் குளோரேட். முகமூடியை இழுத்தால் கயிறு ஒரு முள்ளை விடுவிக்கும், ஸ்பிரிங் வைத்த சுத்தி சின்ன வெடிமூடியைத் தட்டும், வேதிவினை தொடங்கும். ஆக்சிஜன் வரும். கூடவே வெப்பமும் வரும்; உருளையின் மேற்புறம் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை.

ஆகவே கழற்றியதும் அந்தச் சுத்திமுனையின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்ட வேண்டும். வேலை அட்டையில் அது தனியாகவே எழுதியிருந்தது. மூடியின் விலை சில சென்ட்தான். ஆனால் ஹேங்கரில் மூடிகள் இல்லை. சில மெக்கானிக்குகளுக்கு அது தெரியும். மூடி இல்லையே என்று பேச்சும் நடந்தது. விமானங்களைச் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டிய நெருக்கடி வேறு. யாரும் மூடிகளுக்கு ஆர்டர் போடவில்லை. வேலை அட்டையில் மட்டும் கையெழுத்து விழுந்தது: மூடி மாட்டியாயிற்று.

உருளைகள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. இன்னொரு வாடிக்கையாளர் ஹேங்கரைப் பார்வையிட வருவதாக இருந்ததால், தரையைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு. பெட்டிகள் சரக்கு அனுப்பும் பகுதிக்கு நகர்ந்தன. அங்கிருந்த குமாஸ்தா, வேல்யூஜெட்டின் பொருள் வேல்யூஜெட்டுக்கே போகட்டும் என்று அட்லாண்டாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அனுப்புச் சீட்டில் ‘ஆக்சிஜன் உருளைகள் – காலி’ என்று எழுதினார்கள். ஐந்து பெட்டிகள். கூடவே மூன்று டயர்கள்.

காலி இல்லை. பலவும் பயன்படுத்தப்படாதவை, முழு உயிரோடு இருந்தவை.

மே 11, சனிக்கிழமை. வேல்யூஜெட் 592, மயாமியிலிருந்து அட்லாண்டா. விமானம் 1969-ல் தயாரானது. முதலில் டெல்டாவில் பறந்தது. அபாயகரமான சரக்கு எதையும் ஏற்ற வேல்யூஜெட்டுக்கு அனுமதியே கிடையாது. பெட்டிகள் முன்பக்கச் சரக்கறைக்குள், டயர்களோடு சேர்ந்து போயின. ஏற்றும்போதோ, அதன்பின் விமானம் ஊர்ந்து வேகமெடுத்தபோதோ, ஏதோ ஓர் உருளையின் சுத்தி தட்டிவிட்டது.

அந்தச் சரக்கறை ‘டி’ வகுப்பு. புகை கண்டறியும் கருவி கிடையாது, தீயணைக்கும் ஏற்பாடும் கிடையாது. காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்து தீ தானாக அணைந்துவிடும் என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் கணக்கு. ஆக்சிஜனையே உற்பத்தி செய்யும் பொருளை உள்ளே வைத்தால் அந்தக் கணக்கு என்னாகும்? இப்படி ஒரு சரக்கறைத் தீ 1988-லேயே நாஷ்வில்லில் வேறொரு நிறுவன விமானத்தில் நடந்து, எல்லோரும் தப்பித்திருந்தார்கள். புகைக்கருவியும் தீயணைப்பு ஏற்பாடும் வேண்டும் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்போதே கேட்டது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று எஃப்.ஏ.ஏ. தள்ளிவிட்டது.

மதியம் 2.04-க்குப் புறப்பட்டது. ஆறு நிமிடத்தில் ஒரு சத்தம், மின்சாரக் கோளாறு, கேபினில் புகை. விமானிகள் மயாமிக்குத் திரும்பினார்கள். தீ தரைப்பகுதியைத் தின்று, கட்டுப்பாட்டுக் கேபிள்களை அறுத்தது. 2.14 ஆவதற்குள் விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்தது. 105 பயணிகள், 5 பணியாளர்கள். கோரைப்புல்லுக்கும் சேற்றுக்கும் அடியில் சுண்ணாம்புப் பாறை. பெரிய துண்டாக எதுவும் மிஞ்சவில்லை. மீட்புக் குழுவினர் முழு உடல் கவச உடையில், முதலைகள் நெருங்காமல் காவல் வைத்துக்கொண்டு, விமான எரிபொருள் கலந்த நீரில் வாரக்கணக்கில் துழாவினார்கள்.

அன்றைய போக்குவரத்து அமைச்சர் ஃபெடரிக்கோ பெனா, தானே வேல்யூஜெட்டில் பறந்திருப்பதாகவும் அது பாதுகாப்பான நிறுவனம் என்றும் விபத்துக்குப் பிறகு சொன்னார். எஃப்.ஏ.ஏ. தலைவர் டேவிட் ஹின்சனும் அதே பாட்டைப் பாடினார். அதே அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர் மேரி ஷியாவோ மட்டும், தான் அந்த விமானங்களைத் தவிர்த்துவந்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். ஒரே கட்டடம், இரண்டு குரல். பிப்ரவரிக் குறிப்பும் வெளியே வந்தது. அதன்பின் அமைச்சரின் உத்தரவாதத்தை யாரும் நம்பவில்லை.

இங்கே ஹின்சனுக்கும் பெனாவுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எஃப்.ஏ.ஏ.வுக்கு 1958-ன் சட்டம் இரண்டு வேலைகளைக் கொடுத்திருந்தது: விமானத் துறையைக் கண்காணி, அதே சமயம் அதை வளர்த்தும் விடு. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஒரே தரகர் மாதிரி. மலிவுக் கட்டணமும் புது நிறுவனங்களும் அன்றைய அரசின் பெருமைப் பட்டியலில் இருந்தன. வேல்யூஜெட் அதில் முதல் வரிசை. அதை நிறுத்துவது என்றால் சொந்தக் கொள்கையையே நிறுத்துவது போலத்தான் அந்தக் கட்டடத்தில் தெரிந்திருக்கும். நியாயம் அவ்வளவுதான், குறிப்பைப் படித்துப் பார்க்க அந்தச் சட்டம் தடையாக இருக்கவில்லை.

விபத்துக்குப் பிந்தைய வாரங்களில் எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர்கள் வேல்யூஜெட்டின் ஒவ்வொரு விமானத்தையும் ஆவணத்தையும் புரட்டினார்கள். இத்தனை நாள் தேடாதவர்கள் இப்போது தேடினார்கள்; கிடைத்தது. ஒப்பந்தக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நிறுவனம் கண்காணிக்கவே இல்லை என்பதுதான் சாரம். ஜூன் 17 அன்று, நிறுவனமே சம்மதித்துச் சேவையை நிறுத்துவது, ஆய்வுச் செலவாக 20 லட்சம் டாலர் கட்டுவது என்று ஒப்பந்தம் ஆனது. ஏறத்தாழ 4,000 ஊழியர்களில் பெரும்பாலோர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பாதுகாப்பு விதிகளுக்குப் பொறுப்பான மூத்த அதிகாரி ஆண்டனி ப்ராட்ரிக் பதவி விலகினார். துறையை ‘வளர்க்கும்’ பொறுப்பை எஃப்.ஏ.ஏ.விடமிருந்து எடுத்துவிடும்படி பெனா தாமே கேட்டார். அந்த அக்டோபரில் நாடாளுமன்றம் எடுத்தது.

செப்டம்பர் 30-ல் வேல்யூஜெட் ஒரு சில விமானங்களோடு மீண்டும் பறந்தது. டிக்கெட் 19 டாலர். கூட்டமும் வந்தது! ஆனால் பெயர் கெட்டுப்போயிருந்தது. 1997-ல் ஏர்ட்ரான் என்ற சின்ன நிறுவனத்தை வாங்கி, அதன் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. சிரித்த முகம் விமானங்களிலிருந்து அழிக்கப்பட்டது.

வழக்கு சேபர்டெக் மீது பாய்ந்தது. அமெரிக்காவில் விமான விபத்துக்காக ஒரு பராமரிப்பு நிறுவனம் கிரிமினல் கூண்டில் ஏறியது அதுவே முதல்முறை. 1999-ல் நடுவர்கள் நிறுவனத்தைக் குற்றவாளி என்றார்கள். விசாரணையை எதிர்கொண்ட இரண்டு ஊழியர்களை விடுவித்தார்கள். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய எல்லாத் தீர்ப்பையும் ரத்து செய்து, ஊழியர்களுக்கு அபாயகரச் சரக்குப் பயிற்சி கொடுக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை மட்டும் 1997-லேயே பொறுப்பை மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தது: மூடி மாட்டாத சேபர்டெக், மேற்பார்வை செய்யாத வேல்யூஜெட், சரக்கறைக்குப் புகைக்கருவி கேட்காத எஃப்.ஏ.ஏ. மூன்றில் ஒன்றுதான் கிரிமினல் நீதிமன்றத்துக்குப் போனது. புகைக்கருவியைக் கட்டாயமாக்கும் விதி 1998-ல் வந்தது. நிறைவேற்ற 2001 மார்ச் வரை அவகாசம்.

புனித வெள்ளிக்கு முந்தைய நாள்

யாரும் சாகாமலேயே ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு துணிந்து நிறுத்தினால் என்ன நடக்கும்? ஆஸ்திரேலியாவில் நடந்தது.

ஆன்செட் அந்த நாட்டின் இரண்டாவது பெரிய விமான நிறுவனம். 1936-ல் பறக்கத் தொடங்கியது. அதனிடம் போயிங் 767-கள் இருந்தன. நீண்ட தூரம் பறக்கச் செய்த விமானத்தை ஆன்செட் மெல்போர்ன், சிட்னி என்று குட்டித் தூரங்களுக்கு ஓட்டியது. விமானத்தின் உடம்பு களைப்பது மணிக்கணக்கில் பறப்பதால் மட்டுமில்லை. எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு ஏற்றத்திலும் கேபின் ஊதி, இறக்கத்தில் சுருங்கும். 25,000 முறை பறந்த 767-களின் உடலைக் குறிப்பிட்ட இடங்களில் விரிசலுக்காகச் சோதிக்க வேண்டும் என்ற திட்டம் 1997 ஜூனில் வந்தது. ஆன்செட்டின் சில விமானங்கள் அதற்குள்ளாகவே அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. ஆவணம் வந்தது, ஏறத்தாழ மூன்று ஆண்டு அதை யாரும் கவனிக்கவில்லை.

2000 டிசம்பரில், கிறிஸ்துமஸ் கூட்டத்தின் நடுவே, தவறிப்போன சோதனைகள் அம்பலமாகி விமானங்கள் விலக்கப்பட்டன. 2001 ஏப்ரலில், எஞ்சினை இறக்கையோடு பிடித்திருக்கும் பகுதியிலேயே விரிசல்கள். அதைப் பற்றிப் போயிங் அனுப்பிய அறிவிப்பும் தவறவிடப்பட்டிருந்தது. ஏப்ரல் 12 அன்று, புனித வெள்ளிக்கு முந்தைய நாள், ஆஸ்திரேலியக் கட்டுப்பாட்டு அமைப்பான காஸா, ஆன்செட்டின் பத்து 767-களையும் நிறுத்தியது. ஈஸ்டர் விடுமுறைக்கு மூட்டை கட்டியவர்கள் விமான நிலையங்களில் தவித்தார்கள். ஆன்செட் மற்ற நிறுவனங்களிடம் விமானம் வாடகைக்கு வாங்கி ஓட்டியது. காஸாவுக்குப் பாராட்டு கிடைக்கவில்லை, வசவுதான் கிடைத்தது. தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார்கள் என்றது ஒரு தரப்பு. இத்தனை நாள் தூங்கினீர்களா என்றது இன்னொரு தரப்பு.

இரண்டாவது கேள்விக்கு 2002-ல் வந்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை பதில் சொன்னது. ஆன்செட்டின் பொறியியல் பிரிவில் வேலைச்சுமைக்கு ஏற்ற ஆளும் ஏற்பாடும் இல்லை என்று எழுதிவிட்டு, காஸா, போயிங், எஃப்.ஏ.ஏ. மூவரின் கண்காணிப்பிலும் ஓட்டைகள் இருந்ததை அது விட்டுவைக்கவில்லை. அதற்குள் ஆன்செட்டே இல்லை. நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நிறுவனம் 2001 செப்டம்பரில் திவாலாகி, 16,000 பேர் நடுத்தெருவில் நின்றார்கள். கடைசி விமானம் 2002 மார்ச்சில் பறந்தது. ஏப்ரல் தடைதான் அதைக் கொன்றது என்று சொல்வது மிகை. பல ரக விமானங்கள், பழைய இயந்திரங்கள், கடன், போட்டி என நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. விரிசல் சோதனை தவறிப்போனதும் அதே நோயின் இன்னோர் அறிகுறிதான். ஆள் போதாத இடத்தில்தான் காகிதம் தேங்கும்.

பணம் குறையும்போது முதலில் குறைவது பயணிக்குத் தெரியாத இடத்தில் என்பதை இந்தியாவும் பார்த்திருக்கிறது. 2022 ஜூலை 5 அன்று ஒரே நாளில் ஸ்பைஸ்ஜெட்டின் டெல்லி–துபாய் விமானம் எரிபொருள் காட்டியில் கோளாறு என்று கராச்சியில் இறங்கியது. இன்னொரு விமானத்தின் முன்கண்ணாடியின் வெளி அடுக்கில் விரிசல். பதினெட்டு நாளில் எட்டுச் சம்பவங்கள். நம் நாட்டின் கண்காணிப்பு அமைப்பான டிஜிசிஏ ஷோகாஸ் நோட்டீஸ் அனுப்பியது. அதில் கவனிக்க வேண்டியது வானத்தைப் பற்றிய வரி அல்ல, கணக்குப் புத்தகத்தைப் பற்றியது: சப்ளையர்களுக்கு ஒழுங்காகப் பணம் போகாததால் ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு, அதனால் சில கருவிகள் பழுதாக இருந்தாலும் குறிப்பிட்ட காலம் பறக்கலாம் என்ற சலுகைப் பட்டியலை அடிக்கடி நாட வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் நடந்த தணிக்கையிலேயே கண்டது அது. சலுகைப் பட்டியல் சட்டப்படியானது. எல்லா நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. வாடிக்கையாகும்போதுதான் தணிக்கைக்காரர்கள் பேனாவை எடுக்கிறார்கள்.

ஜூலையில் ஐந்து நாளில் 48 விமானங்களில் 53 திடீர்ச் சோதனைகள் நடத்திவிட்டு, பெரிய விதிமீறல் எதுவும் தென்படவில்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனாலும் பத்து விமானங்களைப் பழுது நீக்கிய பிறகே இயக்க வேண்டும் என்று உத்தரவு. ஜூலை 27 அன்று டிஜிசிஏ ஒரு நடுவழியைத் தேர்ந்தெடுத்தது: முழுத் தடை இல்லை, எட்டு வாரத்துக்குப் பாதி விமானச் சேவைகள் மட்டும். பாதி பறந்தால், பார்த்துக்கொள்ள ஆளும் உதிரிபாகமும் பாதிக்காவது போதும் என்ற கணக்கு. வேல்யூஜெட்டுக்கு 1996 பிப்ரவரியில் இப்படி ஒரு பாதித் தடையாவது வந்திருக்கலாம். ஸ்பைஸ்ஜெட் தன் விமானங்கள் பாதுகாப்பானவை என்று தொடர்ந்து சொன்னது. தடை அக்டோபர் 29 வரை நீண்டு, பிறகு நீங்கியது. 2024 ஆகஸ்டில், விமானங்கள் ரத்தாவதும் பண நெருக்கடியும் செய்தியானதும், டிஜிசிஏ சிறப்புத் தணிக்கை நடத்திச் சில குறைகளைக் கண்டு, அந்த நிறுவனத்தைத் தீவிரக் கண்காணிப்பில் வைத்தது. திடீர்ச் சோதனைகளோடு, இரவு நேரச் சோதனைகளும் இந்த முறை அதில் சேர்ந்தன.